மம்பட்டிக்கு நாலு மனு

"நாலாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டாருங்க!"

ஜெயபாரதி லேப்டாப்பைப் படக்கென்று மூடினாள். நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்த கணவன் பிரபு வாசலிலேயே நின்றுவிட்டான்.

குழந்தைக்காக ஆறு வருஷம் வேலையை விட்டிருந்தவள். திங்கட்கிழமை இன்டர்வியூ. 'கெர்னலில் உங்கள் திருத்தம் ஒன்றாவது ஏறியிருக்க வேண்டும்' என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டரையே ஓட்டும் அந்த கெர்னல் மென்பொருளுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஆனால், அவள் கைவைத்த, கருவிகளை இயக்கும் டிரைவர் பகுதிக்குப் பொறுப்பான அப்துல் அஜீஸ் சரி என்றால்தான் உள்ளே போகும்.

"அப்படி என்னதான் மாத்தினே?"

"ஒரு நம்பருங்க. எப்பவும் மாறாத நம்பர். ஒரே ஒரு டிரைவருக்குத்தான் வேணும், ஆனா பொது ஃபைல்ல கிடக்கு. அதை அந்த டிரைவர் ஃபைலுக்குள்ளேயே கொண்டுபோய் வெச்சேன். அவ்வளவுதான்!"

"ஊர்ப் பொதுக் கொட்டகையில கிடக்கிற நம்ம மம்பட்டியை நம்ம வீட்டுக்கு எடுத்துட்டு வர்றே. அதுக்கா நாலு மனு?"

"அதாங்க எனக்கும் புரியல! ஏன் மாத்தினேன்னு எழுதலைன்னார். எழுதினேன். வரி நீளம்னார். சுருக்கினேன். வேற எந்த டிரைவரும் அந்த நம்பரைப் பயன்படுத்தலையே, தேடினீங்களான்னார். தேடினேன். இப்ப எப்படித் தேடினேன்னும் எழுதணுமாம். இந்த மனுஷன் மனசுல என்னதான் இருக்கு?"

"மத்தவங்களையும் இப்படித்தான் படுத்தறாரா?"

நல்ல கேள்வி. திருத்தம் அனுப்பும் எல்லார் கடிதமும் பதிலும் இணையத்தில் பொதுவில்தான் கிடக்கும். லேப்டாப்பைத் திறந்து தேடியவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அநியாயத்தைப் பாருங்க! டேவிட்சனாம், பெரிய கம்பெனிக்காரர். முந்தாநாள் இதே திருத்தத்தை அனுப்பியிருக்கார். ஒரு புள்ளி தப்பில்ல. என்கிட்ட நொட்டை சொல்லிக்கிட்டே அவரை உள்ளே விட்டிருப்பார்!"

"அவருக்குப் பதில் என்ன போட்டிருக்கார்?"

"வேற என்ன, 'சேர்த்தாச்சு'ன்னுதான் போட்டிருப்பார்."

கண்ணில் நீர் முட்டியது. 'ஆள் பார்த்து வேலை செய்யும் உங்களோடு எனக்கு இனி ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம்' என்று அப்துல் அஜீஸுக்கு விறுவிறுவென அடித்தாள்.

"இரு, இரு. அவர் பதிலைப் படிச்சுட்டு அப்புறம் திட்டேன்."

வேண்டாவெறுப்பாகத் திறந்தாள். ஒரு தடவை படித்தாள். புரியாமல் மறுபடி படித்தாள்.

"என்னவாம்?"

ஜெயபாரதியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"'டேவிட்சன், உங்களுடையதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதை ஜெயபாரதி என்பவர் முதலில் அனுப்பிவிட்டார். அவருக்கு இது முதல் திருத்தம். எத்தனை தடவை ஆனாலும் காத்திருக்கிறேன், அவர் பெயரில்தான் ஏற வேண்டும்.'"