பேக்கன் சம்பலும் பக்கத்து மேசையும்

"பாத்தீங்களா, மூட்டையக் கட்டிக்கிட்டு ஓடுறத?" என்றாள் பிரேமிளா.

பக்கத்து மேசைக்கார ரிஸ்மி, ரொட்டிக்கல், கேஸ் அடுப்பு, மாவுச் சட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டிருந்தார். கண்டி குளத்துக்குப் பக்கத்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை திறக்க இன்னும் அரை மணிநேரம்தான் இருந்தது.

நடந்தது இதுதான். பிரேமிளாவின் போத்தலில் ஒட்டியிருந்த லேபலை ரிஸ்மி குனிந்து வாசித்தார். 'பேக்கன் சம்பல்.' நிமிர்ந்தார். நேரே சந்தை நடத்தும் சதீஸ்குமாரிடம் போய் என்னவோ குசுகுசுத்தார். இரண்டு பேரும் இவள் மேசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வந்ததும் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

"அவங்களுக்குப் பன்றி ஆகாது புள்ள. விடு" என்றான் கணவன் ரவிகுமார்.

"நான் சாப்பிடவா சொன்னேன்? பக்கத்துல நிக்கக்கூடவா ஆகாது? முதல் நாளே மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கு."

அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பத்து வருஷம் ஹோட்டல் குசினியில் வெங்காயம் உரித்தவள். ஒரு நாள் பேக்கனைப் பொடியாக வெட்டி, வெங்காயம், கித்துல் கருப்பட்டி, கொச்சிக்காய்த் தூளோடு சுண்ட வதக்கிப் பார்த்தாள். இனிப்பு ஒரு பக்கம், உறைப்பு ஒரு பக்கம் இழுத்த அந்த ருசியை நம்பி, போன வாரம் வேலையையே விட்டுவிட்டாள். இன்றைக்கு நாற்பது போத்தலும் விற்றால் வாராவாரம் இங்கே மேசை நிரந்தரம். விற்காவிட்டால் நாளைக்கே ஹோட்டல் முதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

சந்தையின் பின்பக்கமாகப் போகும்போது ரிஸ்மி, "யாவாரம் நல்லா நடக்கட்டும் அக்கா" என்றார்.

"குத்தலப் பாருங்க" என்று புருஷனிடம் முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு கோபப்பட நேரம் ஏது! வாசலுக்கு நேரே அவள் மேசை. உள்ளே நுழைந்த சனமெல்லாம் முதலில் அங்கேதான் வந்து மூக்கை நீட்டியது.

"பன்றி இறைச்சி சாப்பிடுவீங்கதானே?" என்று கேட்டுக் கேட்டு, பாண் துண்டில் தடவிக் கொடுத்தாள்.

"இனிக்குதே. இல்ல, உறைக்குது. இன்னொரு துண்டு தாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

பேராதனையிலிருந்து வந்த கம்பஸ் பெட்டைகள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஒருத்தர் மூன்று எடுத்தார், திரும்பி வந்து இன்னும் இரண்டு எடுத்தார். ரவிகுமாருக்குப் பை போட்டுக் கொடுக்கக் கை போதவில்லை. பிரேமிளாவுக்குக் கால் தரையில் படவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா கேட்டார். "தேங்காய் ரொட்டிக்கடை ஒன்னு இருக்குன்னு பேஸ்புக்ல போட்டிருந்தாங்களே, எங்க? சூடா ரொட்டி வாங்கி, இதத் தடவிச் சாப்பிடலாம்னு பாத்தேன்."

"அவங்க இன்னைக்கு வரலீங்க" என்றாள் பிரேமிளா.

அந்த அம்மா போனதும் ரவிகுமார் திரும்பினான். "ஏன் புள்ள பொய் சொல்ற? பின்னால எங்கேயோதானே இருக்காரு?"

"என் பக்கத்துல நிக்க மாட்டாராம். நான் மட்டும் வழி காட்டணுமா?"

அடுத்து ஒரு குடும்பம் கேட்டது. பிறகு இரண்டு பொடியன்மார். பிறகு யார் யாரோ. முதல் தடவை கொஞ்சம் நாக்கு தடுமாறியது. பத்தாவது தடவை, "வரலீங்க" என்பது சிரித்த முகத்தோடே வந்தது.

ஒரு மணிக்கு முன்னமே கடைசிப் போத்தலும் போய்விட்டது. நாற்பதும்! பிரேமிளா சிரித்தாள், அழுதாள், புருஷன் தோளில் ஒரு அடியும் போட்டாள்.

சதீஸ்குமார் கையில் கடதாசியோடு வந்தான். "இனி வாராவாரம் இந்த மேசை உங்களுக்குத்தான் அக்கா."

சந்தோசத்தோடு சந்தோசமாக மனசில் கிடந்ததும் வாயில் வந்துவிட்டது. "ரொம்ப நன்றி தம்பி. ஆனா என்னைக் கண்டு ஓடிப்போன ஆளத் திருப்பி என் பக்கத்துல போட்டுறாதீங்க."

"யாரு, ரிஸ்மி நானாவா?" சதீஸ்குமார் விழித்தான். "உண்மையில போக வேண்டியது நீங்கதான் அக்கா. மேசை கேட்டு நிரப்பின ஃபோம்ல வெறும் சம்பல்னு மட்டும் எழுதிட்டீங்க. ஹலால் கடைக்குப் பக்கத்துல பன்றி இறைச்சி வைக்க நாங்க விடுறதில்ல. உங்களப் பின்னால, ஜெனரேட்டர் பக்கம் மாத்தப் போறேன்னுதான் சொன்னேன். 'பாவம், அவங்களுக்கு முதல் நாள், நான் போறேன்'னு அவருதான் போனாரு."

பிரேமிளா பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "அவருக்கு யாவாரம் எப்படி?"

"எங்க அக்கா, பாதி மாவு அப்படியே கிடக்கு. இடம் மாறினத எழுதி முன்னால ஒரு போர்டு வைக்கவான்னு காலையில கேட்டேன். வேணாம்னுட்டாரு. 'அந்த அக்கா முன்னால இருக்காங்கதானே, கேக்குற ஆட்களுக்கு அவங்க சொல்லுவாங்க'ன்னாரு."