இரண்டு இடது கைகள்

இரண்டு கையும் இடது கை.

தையல் மாஸ்டர் ஒன்றை எடுத்துக் கோட்டின் தோளில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. மற்றதை வைத்தார். அதுவும் அதே பக்கத்துக்குத்தான் பொருந்தியது.

கருநீல வெல்வெட். கல்யாணக் கோட்டு. சாயங்காலம் வாங்க வருகிறார்கள். துணியில் மிச்சம் ஒரு சாண்கூட இல்லை.

வெல்வெட்டை மடித்துப் போட்டு வெட்ட முடியாது. ஒரு கையை வெட்டியதும் அளவு அட்டையைத் திருப்பிப் போட்டு அடுத்ததை வெட்ட வேண்டும். திருப்ப மறந்தால் இப்படித்தான் இரட்டைப் பிள்ளை பிறக்கும். தையற்காரரைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்யக்கூடத் தெரியாது.

கடையில் கை வெட்டுவது தங்கை மாப்பிள்ளையின் வேலை.

மாஸ்டருக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. தெருவில் அவருக்குக் 'குக்கர்' என்று சும்மா பெயர் வைக்கவில்லை. முதலில் மூக்கில் புஸ் புஸ்ஸென்று வரும். அப்புறம் கேட்கவே வேண்டாம், எதிர்க்கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்.

போன தடவை அப்படித்தான், வாடிக்கையாளர் முன்னாலேயே மாப்பிள்ளையை வாங்கு வாங்கென்று வாங்கினார். மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தங்கை மாதக்கணக்கில் அண்ணன் வாசலை மிதிக்கவில்லை. மாஸ்டரே நேரில் போய்க் கெஞ்சிக் கூத்தாடித்தான் இரண்டு பேரையும் சமாதானம் செய்தார். இன்னொரு தடவை வாயை விட்டால் ஊரைவிட்டே போய்விடுவோம் என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். அவருக்கென்று கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

புஸ் என்றது மூக்கு.

ஷைத்தானிடமிருந்து காப்பாற்றச் சொல்லி அவசரமாக அவூது ஓதினார். நிற்கும்போது கோபம் வந்தால் உட்காருங்கள், அப்போதும் போகவில்லையா, படுத்துவிடுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) சொன்ன இந்த யோசனையை வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இமாம் எடுத்துச் சொன்னபோது, தனக்காகவே சொல்கிறார் என்று மாஸ்டருக்குப் பட்டது. அதற்கும் மசியாத கோபத்துக்கு, தொழுகைக்குக் கழுவுவது போல் முகம் கை கால் கழுவி ஒளு செய்யச் சொன்னார். நெருப்பைத் தண்ணீர்தானே அணைக்கும்.

உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தப் பாழாய்ப்போன கைகள் இன்னும் நன்றாகத் தெரிந்தன.

படுத்தே விட்டார். வெட்டும் மேசைக்கு அடியில், துண்டுத் துணிகளுக்கு நடுவே, நெடுஞ்சாண்கிடையாக.

யா அல்லாஹ், என் வாயைக் கட்டிப் போடு. கோட்டு போனால் போகட்டும், தங்கச்சி போகக் கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு நிதானத்துக்கு வந்தது. அட, அடங்குகிறதே! தலை நரைத்த பிறகாவது தன் கோபத்தைத் தானே ஜெயித்துவிட்டதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தப்பு செய்யாத மனுஷன் யார்? மாப்பிள்ளை வரட்டும், முகம் கோணாமல் மன்னித்துவிடலாம். எப்படிச் சொன்னால் அழகாக இருக்கும் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டார்.

பின்கதவு திறந்தது. மாப்பிள்ளை உள்ளே வந்தார். முகமெல்லாம் ஈரம். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் கிடந்த மாஸ்டரைப் பார்த்து அவர் பதறவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, குனிந்து, தவழ்ந்து பக்கத்தில் வந்தார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க மச்சான். நேத்து உங்க தங்கச்சிய நான் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்ப, அவசர அவசரமா இந்தக் கைய வெட்டி வச்சது நீங்கதான். காலையிலேர்ந்து ஒளு செஞ்சு செஞ்சு பாக்குறேன், எனக்கு அடங்கவே மாட்டேங்குது."

மாஸ்டருக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். சுவரோரம் நகர்ந்து இடம் விட்டார்.