சாட்சிக் கூண்டில் முழந்தாள்

சாட்சிக் கூண்டில் ஏறியதும் ரீத்தா முழந்தாளிட்டுவிட்டாள்.

பலகைக்கு மேலே அவளுடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது. தட்டச்சு செய்கிற பெண் எழுந்து எட்டிப் பார்த்தாள். டவாலிச் சேவகர் வந்து, எழும்பி நிற்கச் சொன்னார்.

இனயம் கடற்கரைக்காரிக்குக் கோர்ட்டு தெரியாதா என்ன? மீன் விற்று நாலு ஊர் கண்டவள்தான். ஆனால் இந்தக் கட்டடத்தைக் கட்டியவன் மாதா கோயிலைப் பார்த்துத்தான் கட்டியிருக்க வேண்டும். அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற கூரை. இருமக்கூடப் பயப்படுகிற ஜனம். உயரத்தில் கறுப்பு அங்கி போட்ட ஒருவர். அவர் வந்தால் எல்லாரும் எழும்ப வேண்டும். வாசலிலேயே அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

மகனுக்காக வாதாடும் வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கடற்கரை அடிதடியில் ஒருவன் குத்துப்பட்டுச் செத்த அன்று ராத்திரி, மகன் ஜெஸ்பின் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. அந்த ஒரு வரி போதும், பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

கடவுள்மேல் ஆணையிடச் சொன்னார்கள். கை தன்னால் சிலுவை போட்டது.

நீதிபதி நல்ல மனிதர். அதுதான் வினை. அவள் நடுங்குவதைக் கண்டு முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, மனசில் இருப்பதைப் பயப்படாமல் சொல்லும்மா என்றார்.

அந்த ராத்திரிக்குப் பிறகு ரீத்தா பூசையில் நற்கருணை அப்பம் வாங்கவில்லை. ஊர்ச் சாமியார் முன் முழந்தாளிட்டு, செய்த பாவத்தை அவர் காதில் மட்டும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் நா எழவில்லை. நெஞ்சில் வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் வேகுவது?

பாவசங்கீர்த்தனத்தில் அடுத்தவர் பாவத்தைச் சொல்லக் கூடாது, தன்னுடையதை மட்டும்தான் சொல்ல வேண்டும். சின்ன வயசில் கற்றது. அதனால் மகனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பலகையோரம் வாயை வைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி தன்னுடையதைச் சொன்னாள்.

சொன்னதும் உடம்பு லேசானது. கண்ணை மூடி, தலையைக் குனிந்து, மன்னிப்புக்காகக் காத்திருந்தாள்.

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தட்டச்சுக்காரப் பெண் பக்கம் திரும்பி, அவள் சொன்னதைக் கோர்ட்டு முழுக்கக் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அன்றிரவு... என் மகனுடைய சட்டையில் இருந்த ரத்தத்தை... நான்தான் கழுவினேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எதிர்க் கூண்டருகே ஜெஸ்பினின் கையைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்ற போலீஸ்காரர் இறுகப் பிடித்தார்.

ரீத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லலாமா? பலகையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"அது எனக்க பாவம், சாமி. அவனுக்கதில்ல."

நீதிபதி அதையும் தட்டச்சுக்குச் சொன்னார்.