கனகதாஸ் வாங்கிய ஹீட் எக்ஸ்சேஞ்சர்

பாறசாலையில் சஜனின் ஒர்க்ஷாப் தரையில் பழைய பிளெக்ஸ் பேனரை விரித்து, அதன்மேல் மூன்று ஹீட் எக்ஸ்சேஞ்சர்களை வரிசையாக வைத்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்போல எதிரே உட்கார்ந்திருந்தார் கனகதாஸ்.

முதலாவது புத்தம் புதுசு, கம்பெனிச் சரக்கு. விலை நாற்பத்திரண்டாயிரம்.

இரண்டாவது, எங்கேயோ மோதி நசுங்கிய காரிலிருந்து கழற்றியது. பதினாலாயிரம்.

மூன்றாவது சீனாக்காரனுடையது. ஏழாயிரத்து ஐநூறு. கையில் எடுத்தால் காலி பிஸ்கட் டின் மாதிரி இருந்தது.

பத்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் காரை விற்றுவிட வேண்டும் என்று மனைவி ராஜபாய் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். அவள் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சாயங்காலம் டியூட்டி முடிந்து நேரே இங்கேதான் வருவாள்.

காரை விற்பதா? மஸ்கட்டில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து, ஒரு சைக்கிள்கூட வாங்காமல் மிச்சம் பிடித்தவர் கனகதாஸ். மகள் நீதுவின் கல்யாணத்தை முடித்த பிறகு, தனக்கென்று வாங்கிய ஒரே சாமான் இந்தக் கறுப்பு ஜெர்மன் கார்தான். பழசுதான். ஆனால் சூப்பர்சார்ஜர் வைத்தது.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது சூப்பர்சார்ஜர். திணிக்கிற காற்று சூடாகும். அதைக் குளிரவைக்க இன்டர்கூலர். இன்டர்கூலரில் ஓடுகிற தண்ணீரும் சூடாகுமே, அதைக் குளிரவைக்கத்தான் பம்பருக்குப் பின்னால் இந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர். இதையெல்லாம் கனகதாஸ் தன் ஊர்ப் பஞ்சாயத்து முழுக்க, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கியிருக்கிறார். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயில் முற்றத்தில் காருக்கடியில் பச்சைத் தண்ணீர் ஒழுகியபோது, எது கெட்டுப்போனது என்று அவரே சொல்லிவிட்டார்.

"அண்ணே, அது ஒழுகட்டு. அந்த வெள்ளம் இல்லேண்ணாலும் வண்டி ஓடும்."

சஜன் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான். வேலைக்கு மடி பிடித்த சோம்பேறிப் பயல் என்று நினைத்துக்கொண்டார் கனகதாஸ்.

"எலே, அதுக்க சூடு உனக்குத் தெரியாது. ஓட்டுறவன் நானாக்கும். சீனாக்காரன மாட்டு."

சஜன் அசையவில்லை. சுத்தமாக இருந்த கையையே மறுபடியும் துடைத்துக்கொண்டு நின்றான்.

பொறுமையிழந்த கனகதாஸ் தானே போய் பானெட்டைத் தூக்கினார். தினமும் காரைக் கழுவித் துடைப்பவர்தான் என்றாலும், பானெட்டுக்குக் கீழே உள்ளதெல்லாம் சஜனின் ராஜ்ஜியம் என்று விட்டிருந்தார். எஞ்சினை மறைத்திருந்த பிளாஸ்டிக் மூடியை இழுத்து எடுத்தார்.

சூப்பர்சார்ஜர் இருந்தது. அதைச் சுற்ற வைக்கிற பெல்ட் இல்லை. பெல்ட் ஓட வேண்டிய சக்கரத்தில் எட்டுக்கால் பூச்சி ஒன்று வலை பின்னி, குஞ்சு குளுவானோடு குடியிருந்தது.

"பெல்ட் எங்கலே?"

சஜன் தலையைச் சொறிந்தான். பிறகு எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

கார் வந்த மூன்றாவது வாரம் கனகதாஸ் பைபாஸில் நூற்றிமுப்பதில் பறந்தாரே, அதற்கு மறுநாள் காலையிலேயே ராஜபாய் இங்கே வந்திருக்கிறாள். டியூட்டிக்குக்கூடப் போகாமல், ஒர்க்ஷாப் திறக்கும்வரை வாசலிலேயே காத்து நின்றாளாம்.

"விக்கச் சொன்னா அவருக்க மனசு ஒடஞ்சு போவும், அவரறியாம அதுக்க பெலத்த மட்டும் கொறச்சுத் தா மக்காண்ணு அக்கா கண்ணீரு விட்டுக் கரஞ்சா அண்ணே. ரெண்டு வருசம் ஆச்சு."

கனகதாஸுக்கு முதலில் வந்தது கோபம். அடுத்தபடியாக, இந்த இரண்டு வருடத்தில் தான் விட்ட பீற்றல்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து காது சுட்டது. அப்புறம் அந்தப் பைபாஸ் பயணம் ஞாபகம் வந்தது. வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ரசித்துக்கொண்டு வருகிறாள் என்றல்லவா இவர் இன்னும் மிதித்தார்? வெட்கமாக இருந்தது. அவள்மேல் அளவில்லாத பிரியமும் வந்தது.

வேறு பெல்ட் போட்டுவிடட்டுமா என்று சஜன் மெதுவாகக் கேட்டான்.

"வேண்டாம். சீனாக்காரன மாட்டு."

"ஓடாத சாதனத்துக்கு எதுக்கு அண்ணே குளிர்ச்சி?"

"மாட்டுலே. நான் பாத்தது அவளுக்குத் தெரியப்பிடாது."

ஐந்து மணிக்கு ராஜபாய் வந்தாள். மூடியிருந்த பானெட்டைப் பார்த்தாள், சஜனின் முகத்தைப் பார்த்தாள். சஜன் ஸ்பானரைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான். ஏழாயிரத்து ஐநூறு என்று கனகதாஸ் சொன்னதும், பெரிய மூச்சு ஒன்று விட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

மெயின்ரோட்டில் ஏறியதும் முள் நாற்பதைத் தொட்டது. ஆளேற்றிய ஆட்டோ ஒன்று ஹார்ன் அடித்து, அவர்களை முந்திக்கொண்டு போனது.

ராஜபாய் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்களை இறுக்கி மூடினாள். இந்த இரண்டு வருடமாகக் காரில் ஏறினால் அவள் செய்வது இதுதான்.

"நீதுக்க அப்பா, பைய போங்க. யேசுவே, என்னா இழுப்பு இது!"

கனகதாஸ் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். முள் முப்பதுக்கு இறங்கியது.

"பேடிக்காண்டாம்," என்று தைரியம் சொன்னார். "எல்லாம் எனக்க கையில உண்டு."