தாழ்ப்பாள்

எங்கள் பனியன் கம்பெனியில் பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நேரெதிரே கட்டிங் மேஜை, ஆண்கள் நிற்கும் இடம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். எனக்கு எப்போதும் பிடிப்பவள் பக்கத்து மிஷின் பூங்கோதை.

அவள்தான் துணிந்து புகார் சொன்னாள். கம்பெனியிலேயே இருந்த மனநல அறைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டருக்குப் பதிலாக இருந்த கம்ப்யூட்டர் திரை கனிவாகக் கேட்டதாம்: "கதவு திறந்துவிடும் என்ற பயம் உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறதா?"

"ஒரு தாழ்ப்பாள் போட்டாப் போயிருமுங்க" என்றிருக்கிறாள்.

பயம் போக மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வாரம் எங்கள் வரிசைக்கே கொடுத்தார்கள். நான் மட்டும் நாக்கடியில் ஒதுக்கி வைத்திருந்து துப்பிவிட்டேன்.

நல்ல மாத்திரைதான், பொய் சொல்லக்கூடாது. பூங்கோதையின் முகம் தெளிந்துவிட்டது. சூப்பர்வைசர் கத்தினாலும் சிரிக்கிறாள். படுத்தால் உடனே தூக்கம் வருகிறதாம்.

நேற்று மத்தியானம் அவளைக் கூப்பிட்டேன். "வா புள்ள, கதவைப் பிடி."

தைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் பழைய பிரியம் கொஞ்சமும் குறையவில்லை.

"எதுக்குங்கக்கா?" என்றாள்.