வாசல் செடி

எங்கள் பட்டறையில் செய்கிற ஒவ்வொரு தோட்டக் கத்தரியையும் வாசல் செடியில் ஒரு கிளை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் விற்பார்கள். கம்பெனி தொடங்கிய அன்று என் மாமனாரின் அப்பா நட்ட செடி. மூன்று தலைமுறையாக அது முழங்காலைத் தாண்டியதில்லை. மழையில் சாணை மோட்டார் எரிந்துபோய் இரண்டு மாதம் பட்டறை மூடிக் கிடந்தது. இன்று திறக்கப் போனால், செடி என் தோளுயரம் நிற்கிறது, உடம்பெல்லாம் நீலப் பூ.

"இது பூக்கிற செடியா மாமா?"

மாமனார் செருப்பைக் கழற்றினார். "தெரியாதும்மா. எங்கப்பாவே பார்த்ததில்ல."

புது மோட்டாரில் தீட்டிய முதல் கத்தரியை என் கணவர் கொண்டுவந்து நீட்டினார். மாமா பூவில்லாத கிளையாகத் தேடினார். அப்படி ஒன்று இல்லை. கத்தரியை விரித்து, ஒரு கிளையை நடுவில் விட்டார்.

இன்னும் அழுத்தவில்லை.