பத்து எண்ணும் வரை

சூளகிரித் தொழிற்பேட்டையிலுள்ள அந்தக் குழந்தை ஷாம்புத் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. மாதம் ஒருமுறை, ஏதேனும் ஒரு கலவையை ஊழியர் இருவர் தம் முகத்தில் பூசிக்கொண்டு, கண்களைத் திறந்தபடியே பத்து எண்ண வேண்டும். 'கண் எரியாது' என்று பாட்டிலில் அச்சிட்டால் போதுமா?

அன்று காலை நாகரசம்பட்டிக் கடைக்காரர் ஒருவர், குழந்தைகளுக்குக் கண் எரிகிறது என்று தொலைபேசியில் புகார் கூறியிருந்தார். மேலாளர் ஜெகதீஷும் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி அருணாவும் மட்டுமே அதை அறிவார்கள்.

"நாகரசம்பட்டி நம்ம மாதேஸ்வரியோட ஊரு மேடம். மாங்கா பறிக்க நாலு நாள் லீவு கேட்டா, நான் தரலை. ஆளை விட்டுப் புகார் சொல்ல வெச்சிருக்கா. இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்."

"சரக்கையே யாராச்சும் மாத்தியிருந்தா? பாத்திரம் கழுவுற சோப்புக்குப் போடுற நுரைச் சரக்கு பாதி விலைதான். கண்ணுல பட்டா எரியும். முதல்ல சோதிச்சுப் பாத்துடலாம் சார்."

புகாருக்குள்ளான கலவையிலிருந்தே ஒரு பாட்டில் வந்தது. நுரைச் சரக்கு டிரம்களைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மணிவேலும், அவற்றைத் தொட்டியில் ஊற்றிக் கலக்கும் மாதேஸ்வரியும், வழக்கமான சோதனை என்ற பெயரில் அழைக்கப்பட்டனர்.

மாதேஸ்வரி நுரையைப் பூசிக்கொண்டாள். மூன்று எண்ணுவதற்குள் அலறினாள். பாய்ந்து குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"எரியுதுங்க மேடம்! ஐயோ, தாங்க முடியலைங்க!"

"ஏன்க்கா, லீவு வாங்க இப்படியும் ஒரு வழி இருக்குதா?" என்று மணிவேல் சிரித்தார்.

அதே பாட்டிலிலிருந்து தாராளமாகப் பிழிந்து, வாஷ்பேசின்மேல் நன்றாகக் குனிந்து, முகம் முழுவதும் அப்பிக்கொண்டார். நிதானமாகப் பத்து எண்ணினார். அவர் கை சுவரைத் தடவி, பிளாஸ்டிக் குவளையைக் கீழே தள்ளி, ஒருவழியாகக் குழாயைப் பிடித்தது. கழுவி நிமிர்ந்தபோது கண்கள் வெளேரென்று இருந்தன.

"பாத்தீங்களா சார்? ஒண்ணுமே இல்லை."

ஜெகதீஷ் மாதேஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

"போதும்மா உன் நடிப்பு. அடையாள அட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பு."

"சத்தியமா நடிக்கலைங்க சார்! பத்து வருசமா என் கையால கலக்குறேன். நம்ம ஷாம்புன்னு நம்பித்தானே கண்ணைத் தொறந்து வெச்சேன்!"

அழுதுகொண்டே அவள் அட்டையைக் கழற்றி நீட்டினாள்.

அருணா, கீழே கிடந்த குவளையை எடுத்து அதற்குரிய இடத்தில் வைத்தார். அட்டையை வாங்கி மாதேஸ்வரியின் கழுத்திலேயே திரும்ப மாட்டினார். பிறகு மணிவேலிடம் கையை நீட்டினார்.

"உங்க அட்டையும் கிடங்குச் சாவியும் குடுங்க. மாதேஸ்வரி எரியுதுன்னப்போ லீவுக்குன்னு சிரிச்ச நீங்க, கண்ணு முன்னால இருந்த குழாயை அப்படித் தடவித் தேடினீங்களே மணிவேல்!"

"மேடம், அது வந்து..."

"கண் எரியாத ஷாம்புவுக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கணும்னு, டிரம்மை மாத்தினவரைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"